குடித்தொகை: எண்ணிக்கைக்கும் மேலே ஒரு சொல்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் 'குடித்தொகை' பழகிய சொல். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த டியூசன் வகுப்பில் கேட்டாலும் வரைவிலக்கணம் வரும்: ஒரு குறித்த காலத்தில், ஒரு குறித்த இடத்தில் வாழும், ஒரே இனத்து உயிரிகளின் கூட்டம். அதே பிள்ளைகள் செய்திகளில் 'யானைகளின் சனத்தொகை' என்று வாசிக்கிறார்கள். 'புலிகளின் மக்கள்தொகை'யும் கண்ணில் படுகிறது. சனமும் மக்களும் மனிதரைக் குறிக்கும் சொற்கள். யானைக்கு அவை ஒட்டவே ஒட்டாது.

குடித்தொகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பொப்பியுலேசன்', மக்கள் என்று பொருள்படும் 'பொப்புலுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மனிதருக்கென்று இருந்ததை உயிரியலாளர் பிறகு விலங்கு, செடி, பற்றீரியா வரைக்கும் நீட்டிக்கொண்டார்கள். தமிழ்க் 'குடி'யை அப்படி இழுக்க வேண்டியதில்லை. குடும்பம், குலம் என்ற பொருள்களோடு ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் அதற்குள் இருக்கிறது. முகட்டில் குருவி குடியிருக்கிறது என்றால் யாருக்கும் உறுத்தாது. 'தொகை' தொகுக்கப்பட்டது, கூட்டிவந்த மொத்தமும் தொகை, குறுந்தொகையும் தொகை. கூட்டம், அக்கூட்டத்தின் அளவு என்ற இரண்டையும் இது தாங்குகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல் 'இனக்கூட்டம்' என்கிறது. பிழையில்லை. ஆனாலும் இலங்கையில் வழங்கும் எங்கள் சொல்லையே நான் விரும்புகிறேன். அதற்கு ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு குடித்தொகையை மாற்றுபவை நான்கு: பிறப்பு, இறப்பு, குடிவரவு, குடியகல்வு. கடைசி இரண்டும் கடவுச்சீட்டு எடுக்கப்போகும் எவரும் திணைக்களப் பெயர்ப்பலகையில் வாசிப்பவை. காட்டு விலங்குக்கும் அவையே பொருந்துகின்றன.

வனவிலங்கு ஆய்வில் இந்தச் சொல்லின் தேவை இன்னும் தெளிவாகும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் என்று வந்தது. அது எண்ணிக்கை. அவற்றில் குட்டி எத்தனை, ஈனும் வயதுப் பெண் எத்தனை, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு கலக்கிறது என்று கேட்கும்போதுதான் குடித்தொகையைப் பற்றிப் பேசுகிறோம். நோயும் அப்படியே. ஒரு மிருகம் படுத்தால் அது மிருக வைத்தியரின் வேலை; அதே நோய் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்றியது, எங்கிருந்து வந்தது என்று தேடுவது குடித்தொகை ஆய்வு. 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை டிஸ்டெம்பர் வைரசு அழித்தது. சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களிடையே சுற்றித் திரிந்த வைரசு அது. சிங்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. நாய்க் குடித்தொகையையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

கொழும்பிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2018இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட இந்த நகரின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. இரவில் தானியங்கிக் கமரா எடுக்கும் படத்தில் அதன் விலாப் புள்ளிகளைப் பார்த்தே இது முன்பு வந்த பூனையா, புதிதா என்று பிரித்தறிகிறார்கள். ஒரு பூனையின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு வராது. திரும்பத் திரும்ப வந்தவை எத்தனை, புதியவை எத்தனை என்ற விகிதத்திலிருந்து மொத்தத்தை மதிப்பிடலாம். வீதியும் மதிலும் குறுக்கே நிற்கும் இடங்களில் அது ஒரே குடித்தொகையா, துண்டுபட்ட பலவா என்பதுதான் அடுத்த கேள்வி. துண்டுபட்டால் குடிவரவு நின்றுவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும், நோயைத் தாங்கும் வலு குறையும்.

தலையை மட்டும் எண்ணினால் 'எண்ணிக்கை' என்றே எழுதுங்கள். பிறப்பு, இறப்பு, வரத்து, நோய் எல்லாம் சேர்ந்த கூட்டமென்றால் 'குடித்தொகை'. சனத்தொகை மனிதருக்கு இருக்கட்டும்.