ஆபரேஷன் முடிந்தும் கண் திறக்காதபோது

"இன்னும் கண்ணைத் திறக்கலையே டாக்டர்?" சென்னையில் எந்த ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் காதில் விழும் கேள்விதான். பெரும்பாலும் மயக்க மருந்து உடம்பைவிட்டு முழுதாக இறங்கியிருக்காது. இல்லையென்றால் உடம்பு குளிர்ந்திருக்கும், சோடியமோ ரத்தச் சர்க்கரையோ குறைந்திருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே சில சமயம் விடை கிடைத்துவிடும்.

சரி, இவை எதுவுமே இல்லையென்றால்?

நம்மை விழிப்பில் வைத்திருப்பது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பு வலை. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாக அது மேல்மூளையைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். தலாமஸ் இடம், வலம் என்று இரண்டு. வழக்கமாக ரத்தக் குழாய்களும் தனித்தனி. சிலருக்கு மட்டும் ஒரே குழாய் கிளம்பி இரண்டு பக்கமும் பிரியும். அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பெர்ஷெரோனின் பெயரே அதற்கு. அதில் அடைப்பு வந்தால், கைகால் விழாமலே நினைவு தப்பலாம். முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது இழுப்பு இல்லாத வலிப்பு. கைகால் வெட்டாது, நுரை தள்ளாது. நோயாளி நிம்மதியாகத் தூங்குவதுபோல் இருப்பார். மூளைக்குள் மின்னோட்டம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும். இமை லேசாகத் துடிக்கலாம், கண் ஒரு பக்கம் ஒதுங்கலாம். சிலரிடம் அதுவும் இருக்காது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தால்தான் பிடிபடும். மருந்தால் நிறுத்தக்கூடியது இது. நேரம் போகப்போக அடக்குவது கடினம். 'தானா எழுந்துடுவார்' என்று விட்டுவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: நினைவு திரும்பிவிட்டது, உடம்புதான் அசையவில்லை. மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலினை, ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சுமார் 10 நிமிடத்தில் உடைத்துவிடும். பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்களுக்குத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். எல்லாம் காதில் விழ, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பது எவ்வளவு கொடுமை! அதனால் வென்டிலேட்டரை எடுக்காமல், தூக்க மருந்தையும் நிறுத்தாமல் காத்திருப்பார்கள். மணிக்கட்டு நரம்பைச் சின்னக் கருவியால் தூண்டி, கட்டைவிரல் துடிக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வீட்டுக் கதையெல்லாம் கேட்பது இதற்காகவும்தான். "எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு திரும்ப ரொம்ப நேரமாச்சு" என்று யாராவது சொன்னால் போதும், அவர் ரோகுரோனியம் மாதிரி வேறு மருந்துக்கு மாறிக்கொள்வார்.