ரவுட்டர்: திசைவி அல்ல, காடி எந்திரம்

பாலக்கோட்டில் ஒரு தச்சுப் பட்டறை. வேங்கைக் கதவுக்குச் சட்டம் தயாராகிறது. "ரவுட்டரை எடுக்கட்டுமாண்ணா?" என்கிறார் இளையவர். "எடு. காடி ரெண்டு நூல் அகலம். ஒரே ஓட்டுல இறக்காத தம்பி, மூணு ஓட்டா எடு" என்கிறார் மூத்தவர். 8 நூல் ஓர் அங்குலம். ஆக, அவர் கேட்டது கால் அங்குலக் காடி. எந்திரத்துக்குத்தான் ஆங்கிலப் பெயர். அது செய்யும் வேலைக்குப் பட்டறையிலேயே தமிழ் இருக்கிறது.

வீட்டில் இணையம் தரும் பெட்டியும் ரவுட்டர்தான். அதைத் தமிழில் 'திசைவி' என்கிறோம், சரி. மரவேலைக் கருவியையும் திசைவி என்று எழுதினால் அது பெரிய பிழை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. இணையப் பெட்டியின் பெயர் 'வழி' என்ற பொருளுள்ள ரூட்டிலிருந்து வந்தது. கருவியின் பெயரோ, பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பென்னாகரம் பக்கம் மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி இறங்கிப் போன மறுநாள் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காடி என்றால் நீளவாக்கில் குடைந்த பள்ளம். வயரிங் குழாய் பதிக்கச் சுவரில் வெட்டுவதும் காடிதான். அதனால் 'காடி எந்திரம்' என்றாலே பாதி வேலை புரிந்துவிடும். இதே எந்திரம் பலகை ஓரத்தைச் சரிவாகவும் வளைவாகவும் சீவும் என்றாலும், பெயருக்கு முதன்மையான வேலை போதும் என்பது என் கருத்து.

கதவுச் சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகையைப் பசை போடாமல்தான் செருக வேண்டும். ஐப்பசி மழையில் பலகை அகலவாக்கில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதற்குக் காடிக்குள் கொஞ்சம் இடம் விட வேண்டும். பசை வைத்து இறுக்கிய பலகை பிளந்துவிடும்.

வேங்கை, தேக்கு போன்ற மரங்களில் எந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் பிட் (சுழன்று வெட்டும் அலகு) சூடேறி மரம் கருகும், புகை வாசனை வரும். மின்சாரம் வருவதற்கு முன் இதே காடியைக் குறுகிய அலகுள்ள இழைப்புளியால் எடுத்தார்கள். அதுவும் நல்ல தமிழ்: இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்தது. புளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிட் சுழல்வதால் பள்ளத்தின் உள்மூலை எப்போதும் வளைவாகவே நிற்கும். அதைச் சதுரமாக்க இன்றும் உளியும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலும்தான்.