யாரோடு ஆடுகிறோம் என்பதும் கணக்கில் வரும்

விளையாட்டு நல்லது என்று பள்ளி ஆண்டுவிழாவில் யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம். அந்த நல்லது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

தசையிலிருந்து தொடங்கலாம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தசை பெருமளவு எடுத்துக்கொள்ள இன்சுலின் உத்தரவு தர வேண்டும். உத்தரவு வந்ததும், செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குளுட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். இரண்டாம் வகை நீரிழிவில் தசை இந்த உத்தரவுக்குச் சரியாகக் காதுகொடுப்பதில்லை. ஆனால் ஓடி ஆடும்போது நிலைமையே வேறு. தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், செல்லில் ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதியும் சேர்ந்து, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே குளுட்-4-ஐ மேலே கொண்டுவந்துவிடுகின்றன. ஆட்டம் முடிந்து ஒன்றிரண்டு நாள் வரைக்கும் தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாக இணங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சிரைக்க ஆடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடச் சொல்வது இதனால்தான். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வழியும் ஒன்றாகத் திறந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம்.

எலும்பும் சும்மா இருப்பதில்லை. சிறுவயதிலேயே டென்னிஸ் ஆடத் தொடங்கியவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறு கை எலும்பைவிடத் தடித்திருக்கும்.

சரி, இதெல்லாம் தனியாக ஓடினாலும் கிடைக்கும். கூட்டத்தோடு ஆடினால் கூடுதலாக ஏதாவது உண்டா? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டிகள் 12 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரத்தில் 45 நிமிடம், ஒருமுறை தனியாக, இன்னொரு முறை குழுவாக ஒரே தாளத்தில். முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எதுவரை வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். மூளை சுரக்கும், வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருளை நேரடியாக அளப்பது சிரமம் என்பதால் இந்தச் சுற்றுவழி. உழைப்பு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சேர்ந்து துடுப்புப் போட்டபோது வலி தாங்கும் அளவு, தனியாகப் போட்டபோது கூடியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூடியது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கூட்டாக ஆடி முடித்தபின் வரும் அந்தக் கிறக்கம் வெறும் மனப்பிரமை இல்லை என்று நினைக்க இது இடம் தருகிறது.

அடுத்து ஊர். விளையாட்டு ஒற்றுமை வளர்க்கும் என்ற பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். நம்மூர்ப் போட்டிகளில் பல அணிகள் தெருவின் பெயரில்தான் இறங்குகின்றன. தெரு என்பதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பொருளியலாளர் மேட் லோ நடத்திய ஆய்வு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைப் பல சாதியினர் கலந்த கிரிக்கெட் அணிகளிலும், சிலரை ஒரே சாதி அணிகளிலும் ஆடவைத்தார், மற்றவர்கள் ஆடவில்லை. 2021-ல் வெளியான முடிவு இது: ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் வேறு சாதியினரைச் சந்தித்தவர்களிடம் அந்த நெருக்கம் குறைந்தது! ஆக, மைதானம் ஒன்றுதான். நன்மையா தீமையா என்பதை அணிப் பட்டியல் தீர்மானித்தது.

அந்த நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஐஎஸ் அமைப்பின் வன்முறையால் இடம்பெயர்ந்த வட ஈராக் கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்தார் அரசியல் அறிவியலாளர் சல்மா மூசா. 2020-ல் வந்த முடிவின்படி, கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடப் பெயர் கொடுத்தார்கள். விருதுக்கு வாக்களிக்கும்போது மற்ற அணிகளின் முஸ்லிம் வீரர்களையும் அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மொசூல் நகரத்து உணவகத்துக்குச் சலுகைச் சீட்டு கொடுத்து அனுப்பியபோது, கலப்பு அணியில் ஆடியவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாகப் போகவில்லை.