சேலம் அடர்நீலம், கன்னியாகுமரி வெளிர்நீலம்

போன வாரம் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு மாணவர் வந்தார். கையில் ஏ3 தாளில் பளிச்சென்று அச்சடித்த மேப். ‘தமிழ்நாட்டில் எழுத்தறிவு, 2011’ என்று தலைப்பு. வடக்கு அம்பு, அளவுகோல், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜண்ட் எல்லாம் அதனதன் இடத்தில். நிறம் அடர்ந்தால் எழுத்தறிவு அதிகம். சேலம் அடர்நீலம். கன்னியாகுமரி வெளிர்நீலம். தென்காசி வெள்ளை வெளேர்.

நாகர்கோவில்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் கன்னியாகுமரிக்கு, 91.75 சதவீதம். சேலம் 72.86தான். இந்த வருஷம் மட்டும் இதே தவறோடு என் மேசைக்கு வந்த ஆறாவது மேப் இது. பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

மாணவர் பொய்க் கணக்கு எதுவும் போடவில்லை. அட்டவணையில் ‘எழுத்தறிவு பெற்றோர் எண்ணிக்கை’ என்ற பத்தி இருந்தது, அதை அப்படியே நிறமாக்கிவிட்டார். சேலத்தில் மக்கள்தொகை 34.82 லட்சம், கன்னியாகுமரியில் 18.70 லட்சம். ஆள் அதிகம் இருக்கும் ஊரில் படித்தவரும் அதிகம், படிக்காதவரும் அதிகம், பல்வலிக்காரரும் அதிகம். எந்தப் பத்தியைப் போட்டாலும் மக்கள்தொகை மேப்தான் திரும்பத் திரும்ப வரும். என்னிடம் வந்த டூவீலர் மேப்பையும் ரேஷன் கார்டு மேப்பையும் தலைப்பை மறைத்துவிட்டுக் காட்டினால், வரைந்தவர்களுக்கே எது எதுவென்று தெரியாது.

“எண்ணிக்கையும் தகவல்தானே சார்?” என்றார். தகவல்தான், யார் இல்லையென்றது? வட்டமாகப் போடுங்கள். மாவட்டத்தின் நடுவில் பெரிய வட்டம், சின்ன வட்டம். ஒரு மாவட்டத்தையே நிறத்தால் நிரப்பினால், அந்த மண் முழுக்க இப்படித்தான் என்று கண் எடுத்துக்கொள்ளும். ஆகவே நிறம் நிரப்பும் மேப்பில், அதாவது கொரோப்ளெத்தில், எதையாவது எதனாலாவது வகுத்த எண்தான் போக வேண்டும்: சதவீதம், சதுர கிலோமீட்டருக்கு இத்தனை, ஆயிரம் பேருக்கு இத்தனை. வகுக்காத எண்ணுக்கு வட்டம். வட்டம் போடும்போதும் பரப்பைப் பார்த்துப் போடுங்கள். நான்கு மடங்கு மக்களுக்கு ஆரம் இரண்டு மடங்குதான்.

எதால் வகுப்பது என்பதிலும் வழுக்கும். எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துத்தான் கணக்கெடுப்பில் கணக்கிடுகிறார்கள். மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிட்டு, அரசாங்கக் கணக்கு தப்பு என்று என்னிடம் வாதாடிய முதுகலை மாணவரும் உண்டு!

அப்புறம் அந்தத் தென்காசி. 2011-இல் தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32. தென்காசி, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஐந்து 2019-இல் வந்தன, மயிலாடுதுறை 2020-இல். இன்று 38. இவர் பழைய அட்டவணையை இன்றைய மாவட்ட எல்லைகள் உள்ள கோப்போடு இணைத்திருக்கிறார். தென்காசிக்கு வரிசையே கிடையாது. காலியாக நின்ற கட்டத்தில் ‘0’ போட்டுவிட்டார். ஒரு மாவட்டமே எழுத்தறியாததாக ஆகிவிட்டது. தயவுசெய்து, தரவு எந்த வருஷமோ எல்லையும் அந்த வருஷத்ததாக இருக்கட்டும். தரவு இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, லெஜண்டில் ‘தரவு இல்லை’ என்று எழுதுங்கள். சென்னை இன்னும் மோசம். 2018-இல் அந்த மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2011-இன் 46.46 லட்சம் பேரை அதால் வகுத்தால் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 11,000-ஐக்கூடத் தொடாது. அன்றைய எல்லைக்குள் அது 26,553.

அதே அடர்த்தியைச் சம இடைவெளியில் ஐந்து வகுப்பாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பும் 5,000-க்கு மேல் அகலம். சென்னைக்கு அடுத்த கன்னியாகுமரியே சுமார் 1,100தான், நீலகிரி 300-க்கும் கீழே. 31 மாவட்டங்களும் ஒரே நிறத்தில் விழும், நடுவில் மூன்று வகுப்புகள் காலி. “சாஃப்ட்வேர் பிரித்தது சார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சாஃப்ட்வேருக்கு நீலகிரி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. முதலில் எண்களை வரிசைப்படுத்தி, எங்கே இடைவெளி விழுகிறதென்று கண்ணால் பாருங்கள்.

உருண்டைப் பூமியைத் தட்டை மேப்பாக விரிக்கும் முறைகளில் (வீழல்) ஒன்றான வெப் மெர்கேட்டரையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் பெரிய சேதமில்லை. இந்தியா முழுவதற்கும் அதை வைத்தால், குமரிமுனையோடு ஒப்பிடும்போது காஷ்மீரின் வடகோடி ஒன்றரை மடங்கு பரப்பாக ஊதித் தெரியும். பரப்பை ஊதிக் காட்டாத சமபரப்பு வீழலுக்கு மாற்ற ஒரு நிமிஷம் போதும்.

நேற்று ராத்திரி அந்த மாணவர் திருத்திய மேப்பை அனுப்பினார். 32 மாவட்டங்கள், சதவீதம், கன்னியாகுமரி உச்சத்தில். சரி, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் நீலத்தை விட்டுவிட்டு, குறைவுக்குச் சிவப்பும் அதிகத்துக்குப் பச்சையும் போட்டிருக்கிறார், இரண்டும் ஒரே அடர்த்தியில். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் எத்தனையோ பேர். திட்டவில்லை. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, அதில் கன்னியாகுமரியும் தருமபுரியும் வேறு வேறாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.