கருவைக் காத்து, கையெழுத்தில் கோட்டை விடுகிறார்கள்

வாள், மரக்கலம், மந்திரம், பழி சுமந்து திரியும் வீரர்கள் என்று சாகச நாவல் எழுதுகிறவர்கள் டெல்லித் தமிழர்களிடையே இத்தனை பேர் இருப்பார்கள் என்று, பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கத் தொடங்கும்வரை நான் நினைத்ததில்லை. பகல் முழுவதும் அமைச்சகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் கடற்கொள்ளையரோடு மல்லுக்கு நிற்பவர்கள். ராமகிருஷ்ணபுரம், கரோல் பாக், மயூர் விஹார் என்று எங்கிருந்து வந்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என் கதையை யாராவது திருடிவிட்டால் என்ன செய்வது?" நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான்: "பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தீர்களா?" இதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

அண்மையில் வந்தவர் ஒருபடி மேலே போனார். கைப்பிரதியை என்னிடம் கொடுக்குமுன், கதையை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வழக்கறிஞர் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது தொழில் விதி, தனியாக எழுதித் தரவேண்டியதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. போட்டுக்கொடுத்தேன். அதே பையில், மறுநாள் ஸ்கேன் செய்து அனுப்புவதற்காகப் பதிப்பகத்தின் ஒப்பந்தம் இருந்தது. அதை அவர் கடைசிப் பக்கம் மட்டும் பார்த்திருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடம் அங்கேதானே இருக்கிறது! (அவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதையை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.)

நாவல் நன்றாகவே இருந்தது. கோட்டைக் கதவைத் திறந்துவிட்டதாகப் பழி சுமந்த தளபதி, புயலில் மாலுமிகளைக் கைவிட்டுத் தப்பிய மீகாமன், பொய்ச் சாட்சி சொன்ன புலவர், இளவரசனைக் காக்கத் தவறிய மெய்க்காவல் பெண், தன் மந்திரமே திரும்பி அடித்ததில் நிழலை இழந்தவன் என்று ஐந்து பேர். துரத்தியடித்த அதே அரசு, வேறு வழியில்லாமல் அவர்களைத் தேடி வருகிறது. நங்கூரச் சங்கிலியில் தொங்கியபடி நடக்கும் வாட்சண்டை ஒன்றில், ஊரார் காறித் துப்பிய தன் பட்டப்பெயரையே தளபதி சவாலாக எதிரியிடம் சொல்கிறான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். புலவருக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் கொடுத்திருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல என்னிடம் யாரும் கட்டணம் தரவில்லை.

அவருடைய பயம் இதுதான்: "மானமிழந்த வீரர்கள் ஒன்றுசேர்ந்து சாகசம் செய்வது என் கரு, மேடம். இதை வேறு யாரும் எழுதக்கூடாது." எழுதலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாடியிருக்கிறது. சிறையில் தண்ணீர் கேட்டு, அது தாமதமாக வந்ததைத் தாங்காமல் பருகாது உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டும் அதிலேயே இருக்கிறது. மானம் போன வீரன் என்ற கருவுக்குத் தமிழில் தனி உரிமையாளர் இருக்க முடியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. நம் டெல்லியில் தொடங்கிய வழக்கு ஒன்றே இதற்கு ஆதாரம். ஆர். ஜி. ஆனந்த் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகம் 1954-இல் இங்கே மேடையேறியது. ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும், இடையே பிள்ளைகளின் காதல், பெரியவர்களின் மாகாணப் பற்று. 1956-இல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. தன் நாடகத்தையே எடுத்துவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 1978-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கரு, பொருள், கதைப்போக்கு, வரலாற்று நிகழ்ச்சி, புராணச் செய்தி இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்பது தீர்ப்பு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தோன்றவேண்டும். அதுதான் அளவுகோல். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015-இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

எனவே பழிசுமந்த ஐவர் பொதுச் சொத்து. நிழலை இழந்தவன் உச்சி வெயிலில் மட்டும் தைரியமாக நடப்பதும், மீகாமன் கயிற்றைத் தொடும்போதெல்லாம் விரல் நடுங்குவதும், அந்த உரையாடல்களும், காட்சிகள் அடுக்கப்பட்ட முறையும் ஆசிரியரின் சொத்து. அதைப் பிறர் வரிக்கு வரி எடுத்தால் கேள்வி கேட்கலாம்.

கைப்பிரதியோடு ஒரு வரைபடமும் இருந்தது, தீவுகளும் கடல்வழிகளும் போட்டு. மருமகனின் நண்பர் வரைந்தது, சன்மானம் கொடுத்தாகிவிட்டது என்றார். பணம் கொடுத்ததாலேயே படத்தின் உரிமை எப்போதும் நமக்கு வந்துவிடாது. வரைந்தவரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள் என்றேன். மாய உலகக் கதை எழுதுகிறவர்கள் பலரும் மறக்கிற இடம் இது. இரண்டாம் பாகம் வரும்போது வரைபடக்காரர் ஊர் மாறியிருப்பார்.

இனி ஒப்பந்தம். நான்காவது பத்தி இப்படி இருந்தது:

"எழுத்தாளர் மேற்படி படைப்பின் பதிப்புரிமை முழுவதையும், தற்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் அனைத்து வடிவங்களிலும், அனைத்து மொழிகளிலும், உலகம் முழுவதும், பதிப்புரிமை நிலவும் காலம் முழுவதும் பதிப்பாளருக்கு மாற்றித் தருகிறார். மேற்படி படைப்பின் பாத்திரங்கள், இடப்பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படும் தொடர் படைப்புகளுக்கும் இது பொருந்தும்."

பென்சிலால் 'காலம் முழுவதும்' என்பதன்கீழ்க் கோடு போட்டு, அது எவ்வளவு காலம் என்று கேட்டேன். "அச்சில் இருக்கும்வரை இருக்கும்" என்றார். நம் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும். அவருக்கு 52 வயது. பேத்தி ஓய்வுபெறும் வரைக்கும் எழுதிக் கொடுக்க இருந்தார். இரண்டாவது வாக்கியம் அதைவிட மோசம். இரண்டாம் பாகம் அவர் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐவரும் பதிப்பாளருக்குப் போய்விட்டால், தன் தளபதியை வைத்து எழுதத் தானே அனுமதி கேட்கவேண்டி வரும். யாரோ ஒருவர் கருவைத் திருடுவார் என்று நடுங்கியவர், பாத்திரங்களைப் பேர் ஊரோடு தாமே தூக்கிக் கொடுக்கவிருந்தார்.

பதிப்புரிமைச் சட்டம், 1957, இந்த இடத்தில் எழுத்தாளருக்குக் கொஞ்சம் பரிந்தே பேசுகிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று சொல்லவேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். இவை பெரும்பாலும் ஒப்பந்தம் வாய் மூடியிருக்கும் இடங்களில் நமக்குத் துணை வருபவை. அதனால்தான் அச்சடித்த ஒப்பந்தங்கள் வாய் மூடுவதில்லை. 'இனி வரப்போகும் அனைத்து வடிவங்கள்' என்ற பொத்தாம்பொதுவான வரி பற்றி மட்டும் 2012 திருத்தம் நமக்குச் சாதகமானது: கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலன்றி, உரிமை மாற்றம் பொருந்தாது.

உரிமையை மாற்றித் தருவது விற்பனைப் பத்திரம், உரிமம் தருவது வாடகைப் பத்திரம். நாவலுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். தமிழ் அச்சு நூலுக்கும் மின்நூலுக்கும் மட்டும், ஐந்தாண்டு, என்று திருத்தி அனுப்பினோம். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை, விளையாட்டு எல்லாம் ஆசிரியரிடம். அடுத்த பாகத்தைப் பதிப்பாளரிடம் முதலில் காட்டுவார், அறுபது நாளில் பதில் வராவிட்டால் அவர் விருப்பம். நூல் ஆறு மாதம் விற்பனைக்குக் கிடைக்காமல் போனால், எழுத்தில் கேட்டு உரிமையைத் திரும்பப் பெறலாம்.

பதிப்பாளர் முக்கால்வாசியை ஒரே தொலைபேசிப் பேச்சில் ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லியாகவேண்டும். அந்தப் படிவத்தை அவரும் எங்கிருந்தோ வாங்கி, வருகிறவருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் மாற்றுவார். கேட்க வாய் வரவேண்டும். நாவலில் எட்டுப் பேரை ஒற்றை வாளால் வீழ்த்துகிறவர், "இந்த வரியை எடுத்துவிடலாமா சார்?" என்று கேட்கக் கூச்சப்படுகிறார்.

கடைசிவரை இழுபறியானது ராயல்டி. பத்து சதவீதம் என்று போட்டிருந்தார்கள், எதில் என்று போடவில்லை. புத்தகம் 400 ரூபாய் என்றால், அச்சிட்ட விலையில் பத்து சதவீதம் 40 ரூபாய். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் நிகர வரவில் பத்து சதவீதம் 24 ரூபாய். ஆயிரம் பிரதியில் 16,000 ரூபாய் வித்தியாசம். 'அச்சிட்ட விலையில்' என்ற இரண்டு சொற்களுக்காக ஒரு வாரம் போயிற்று.

திரைப்பட ஆசை இல்லாத சாகச எழுத்தாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி யாராவது அழைத்தால் நினைவில் வையுங்கள்: உங்கள் எழுத்து ஒரு படத்தில் இடம்பெற்றால், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளில் சமபங்கு ராயல்டி பெறும் உரிமையை நீங்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது 2012 திருத்தம். படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் களங்கம் வந்தால் தடுக்கும் உரிமை, 57ஆவது பிரிவின்படி, உரிமையை விற்றபின்னும் உங்களிடமே இருக்கும். மன்னு பண்டாரியின் 'ஆப்கா பண்டி' நாவல் படமானபோது 1986-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை வலுவாகவே சொன்னது. தளபதிக்கு இரண்டு பாட்டும் ஒரு காதலியும் சேர்த்தால் அது சிதைப்பாகுமா என்று என் கட்சிக்காரர் கேட்டார். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லமுடியும் என்றேன்.

மறுபக்கமும் உண்டு. பழைய சரித்திர நாவல்களின் வீரர்களை எடுத்துத் தம் கதையில் உலவவிடுகிறார்கள். கல்கி 1954-இல் மறைந்தார், அவர் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது, எடுத்தாளலாம். அந்த எழுத்தை வைத்துப் பின்னால் வந்த படத்தின் வசனமும் உடை வடிவமும் வேறொருவருடையவை. மூலத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள், படத்தைப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள்.

பதிவு பற்றி ஓயாமல் கேட்கிறார்கள். பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. செய்தால் நல்லது, நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். துவாரகாவில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்துக்கு நேரில் அலையவேண்டாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபங்களுக்காக 30 நாள் காத்திருப்பு. கைப்பிரதியைத் தனக்குத்தானே தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அது பதிவுக்கு ஈடாகாது. தேதியோடு சேமித்த வரைவுகளும் மின்னஞ்சல்களும் அதைவிட உதவும்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது: யார் எழுதியது என்று தெரியாமலே போனால், 60 ஆண்டுக் கணக்கு வெளியான ஆண்டை ஒட்டித் தொடங்கிவிடும். இயற்பெயர் வெளியாகியிருந்தால் மறைவுக்குப் பிறகுதான். ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். மத்திய அரசு ஊழியர்களின் தயக்கம் வேறு. 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு முன்அனுமதி கேட்பதில்லை, அலுவல் கெடாமல் இருந்தால் போதும். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே' என்று சிலவற்றில் இருக்கிறது.

கடைசிப் பத்தியையும் விடாதீர்கள். தகராறு வந்தால் பதிப்பாளர் நியமிக்கும் ஒற்றை நடுவர் தீர்ப்பார் என்று என் கட்சிக்காரரின் ஒப்பந்தத்தில் இருந்தது. விவகாரத்தில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் சேர்ந்து நியமிப்பது என்று மாற்றினோம். 'சென்னை நீதிமன்றங்கள் மட்டுமே' என்ற வரிக்கும் பேசிப் பார்த்தோம், அதைப் பதிப்பாளர் விடவில்லை. புத்தகத்தை யாராவது திருட்டுத்தனமாக அச்சடித்தால், தாம் குடியிருக்கும் டெல்லியிலேயே ஆசிரியர் வழக்குப் போடலாம். ராயல்டி பாக்கிக்கு மட்டும் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும். அதற்குச் சம்மதித்து, போன மாதம் கையெழுத்துப் போட்டார்.