சான்றிதழ்க் கட்டு வேலை எடுத்துத் தராது

அண்மையில் எங்கள் நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் கோரியிருந்தோம். வந்து குவிந்த உறைகளைப் பிரித்த பிறகு, இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. ஓர் உறை செங்கல் மாதிரிக் கனத்தது. உள்ளே ஆறாம் வகுப்பு விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் முதல் அனர்த்த முகாமைத்துவ ஒருநாள் பட்டறைச் சான்றிதழ் வரை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு பிரதியிலும் சமாதான நீதவானின் முத்திரை வேறு. அந்தத் தம்பி முன்பு என்ன வேலை செய்தார் என்று தேடினால் ஒரே ஒரு வரி: "தனியார் நிறுவனம் - 3 வருடம்."

என்ன நிறுவனம்? கடையா, தொழிற்சாலையா? அங்கே சாமான் ஏற்றினாரா, கணக்கு எழுதினாரா, லொறி ஓட்டினாரா? ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

கிளிநொச்சியில் ஆட்சேர்ப்பு வேலையில் இருப்பவள் நான். கண்டாவளையில் இருந்தும் துணுக்காயில் இருந்தும் புதுக்குடியிருப்பில் இருந்தும் வருகிற விண்ணப்பங்களை வாசிப்பதுதான் என் தொழில். "கோவை தடிப்பாக இருந்தால் மதிப்பு" என்ற எண்ணத்தை எங்கள் பிள்ளைகளின் தலையில் யார் ஏற்றினார்களோ தெரியவில்லை. யுத்தம் முடிந்த கையோடு இங்கே நிறுவனங்கள் வந்து, தலைமைத்துவம், பால்நிலை, முரண்பாட்டுத் தீர்வு என்று ஊர் ஊராகப் பட்டறை வைத்து, மத்தியானச் சாப்பாட்டோடு சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தப் பழக்கமாகவும் இருக்கலாம்.

விளங்கச் சொல்கிறேன். முதல் சுற்றில் ஒருவரும் சான்றிதழ் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவதா இல்லையா என்று பிரிப்பதுதான் அந்தச் சுற்று. ஓர் ஆளுக்கு ஓரிரு நிமிடம்கூடக் கிடைக்காது. சான்றிதழைக் கேட்பது அதற்குப் பிறகு, நேர்முகத்தின்போது. அதுவும் மூலப்பிரதியைத்தான். ஆகவே நீங்கள் கொப்பி எடுத்து, முத்திரைக்கு அலைந்து, பதிவுத் தபாலில் அனுப்பிய அந்தக் கட்டு முதல் சுற்றில் பிரிக்கப்படாமலே கிடக்கும். அதைவிட மோசம், அதற்குள் இருக்கிற உருப்படியான ஒரு தாளையும் அது மறைத்துவிடும். பாரவூர்தி அனுமதிப்பத்திரம் வைத்திருந்த ஒருவரின் விண்ணப்பத்தில், அது பட்டறைச் சான்றிதழ்களுக்கு நடுவில் செருகியிருந்தது. முதல் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வேலைக்கோ சாரதி தேவைப்பட்டது.

விளம்பரத்தில் பிரதி இணைக்கச் சொல்லியிருந்தால் இணையுங்கள், கேட்டதை மட்டும். மூலப்பிரதியைத் தபாலில் அனுப்பவே கூடாது. ஓடுப்பட்ட காலத்தில் தொலைத்த பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றையும் பிரதேச செயலகத்துக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் அலைந்து திரும்ப எடுத்த குடும்பங்கள் எத்தனை இங்கே! அப்படி எடுத்ததை ஒரு உறைக்குள் போட்டு, முகம் தெரியாத ஆளுக்கு அனுப்புகிறீர்கள். தயவு செய்து வேண்டாம்.

அடுத்தது கொமினிகேஷன் கடைச் சுயவிபரம். பூ வேலைப்பாட்டுக் கரை, பெரிய எழுத்தில் தலைப்பு, தகப்பன் பெயர், மதம், விவாக நிலை, சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் பெறுபேறு, பொழுதுபோக்கு கிரிக்கெட். மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிக்கோள்: சவால் நிறைந்த சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பாராம். பளையில் இருந்து மல்லாவி வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே குறிக்கோள். கடைக்காரத் தம்பியில் பிழை இல்லை. அவரிடம் ஒரு கோப்பு இருக்கிறது, பெயரை மாற்றி அச்செடுத்துக் கொடுக்கிறார். ஆனால் வாங்குகிறவர் ஒருமுறை வாசித்துப் பார்க்கக் கூடாதா? முந்தின வாடிக்கையாளரின் பாடசாலையும், அவரைத் தெரியும் என்று சொல்லக்கூடிய நடுவர்களின் பெயர்களும் அப்படியே இருந்த விண்ணப்பங்கள் எனக்கு வந்திருக்கின்றன. இன்னொரு நிறுவனத்தின் பணிப்பாளரை விளித்து எழுதிய கடிதமும் வந்தது.

முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒரு தங்கச்சி இதே களஞ்சிய வேலைக்குப் போட்டிருந்தா. அனுபவம் என்ற இடத்தில் "மிதிவெடி அகற்றுதல் - 4 வருடம்" என்று மட்டும். களஞ்சியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தில் இருந்தவர் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை, போன் எடுத்தேன். ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டால், பிள்ளை சொல்லுது: "காலையில என்ர குழுவுக்கு டிடெக்டர், பற்றரி, முகக்கவசம் எல்லாம் எண்ணிக் குடுப்பன் அக்கா. பின்னேரம் எண்ணி வாங்கிப் புத்தகத்தில சைன் வைப்பிப்பன். பழுதானதைத் தனியப் பதிவன். துப்புரவாக்கின இடத்தை அளந்து சதுர மீட்டர் கணக்கு அறிக்கையில எழுதுவன்."

களஞ்சியப் பொறுப்பாளர் செய்வதும் அதைத்தானே! ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன். "அதெல்லாமா அக்கா எழுதுறது?"

ஓம், அதெல்லாம்தான் எழுதுவது. அதைத் தவிர மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். "குழுவின் உபகரணங்களைத் தினமும் வழங்கி, மீளப் பெற்று, பதிவேடு பராமரித்தேன், பழுதானவற்றைப் பதிந்து அறிவித்தேன், நாளாந்த அறிக்கை தயாரித்தேன்" என்று மூன்று வரி இருந்திருந்தால் நான் போன் எடுத்திருக்கத் தேவையில்லை. எத்தனை பேர், எவ்வளவு சாமான், எந்த ஆண்டில் இருந்து எந்த ஆண்டு வரை என்று இலக்கத்தோடு எழுதினால் இன்னும் நல்லது. சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்து கடன் கணக்குப் பார்த்தவர் அதை எழுத வேண்டும். தகப்பனின் நெல்லு வியாபாரத்தில் மூட்டை நிறுத்துக் கணக்கு வைத்தவரும் எழுத வேண்டும். கடிதம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் திட்டங்கள் வந்த காலத்தில் வரிசையாக வீடு கட்டிய மேசன்மார் பலரிடம் ஒரு தாளும் இல்லை. அவர்கள் திரும்பப் படிக்கப் போகத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள திறனைச் சோதித்து, தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ) சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது, அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் விசாரியுங்கள். படித்து எடுத்தவர்கள் வெறுமனே "என்.வி.கியூ" என்று எழுதாமல் எத்தனையாம் மட்டம் என்று போடுங்கள். 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். மட்டம் இல்லாமல் எழுதினால் வாசிக்கிறவர் குறைந்ததைத்தான் நினைப்பார்.

2008, 2009 இல் படிப்புக் குழம்பிய பலர் ஆண்டுகளை மாற்றி எழுதி மறைக்கப் பார்க்கிறார்கள். எதற்கு? "இடப்பெயர்வால் கல்வி தடைப்பட்டது, 2011 இல் மீண்டும் தோற்றினேன்" என்று ஒரு வரி போதும். கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கும் விளங்கும். மாற்றி எழுதிய ஆண்டு பெறுபேற்றோடு ஒத்துவராதபோதுதான் பிரச்சினை. பெயரும் அப்படித்தான். அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், பெறுபேற்றில் இன்னொன்று என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி ஒன்றை இப்போதே முடித்து வையுங்கள். வேலை கிடைத்த பிறகு ஓடித் திரியாதீர்கள்.

அரச வேலை வேறு கதை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வருகிற மாதிரிப் படிவத்தை வரிக்கு வரி அப்படியே பின்பற்ற வேண்டும். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் எழுத வேண்டும். அங்கே உங்கள் கைவண்ணம் ஒன்றும் வேண்டாம். ஆனால் அதே படிவத்தை எங்களைப் போன்ற இடங்களுக்கும் அனுப்புகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

நடுவர்கள் இருவர் என்றால் கிராம சேவையாளரும் கோயில் தலைவரும் என்று எழுதிவிடுவது வழக்கம். அவர்கள் உங்கள் நடத்தையைச் சொல்வார்கள், வேலையைச் சொல்ல மாட்டார்கள். ஒருவராவது உங்களை வேலை வாங்கியவராக இருக்கட்டும். பெயர் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். நான் அழைத்தபோது "ஆர் அது? எனக்கு ஞாபகம் இல்லையே" என்று சொன்ன நடுவர்கள் உண்டு.

மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரே பீடிஎஃப் கோப்பாக, உங்கள் பெயரையே கோப்பின் பெயராக வைத்து அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, விரல் நிழலோடு அனுப்பாதீர்கள். எழுதத் தெரியவில்லை என்றால், பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், போய்க் கேளுங்கள். காசு கேட்க மாட்டார்.

விண்ணப்பம் போட்ட பிறகு சிம் மாற்றாதீர்கள் தம்பிமாரே, தங்கச்சிமாரே. தெரியாத இலக்கம் என்று வெட்டியும் விடாதீர்கள். நேர்முகத்துக்குத் தெரிவானவர்களில் இரண்டு பேரை எங்களால் இன்னும் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரைதான் பார்ப்போம், பிறகு பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம்.