ஒண்ணுமே கிடைக்கலையா? என்ன பெயரில் தேடினீர்கள்?

போன வாரம் ஒரு முனைவர் பட்ட மாணவி நூலகத்துக்கு வந்தார். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெண். கிருஷ்ணகிரி மாவட்ட ஏரிப் பாசனம் பற்றி ஆய்வு செய்கிறார். முதல் இயலிலேயே ஒரு வரி: ‘இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை.’ எப்படிம்மா தெரியும் என்றேன். “கூகுள்ல போட்டுப் பார்த்தேன் சார். ஒண்ணுமே வரல.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவர் கையில் ஸ்பைரல் போட்ட ஒரு கட்டு வேறு இருந்தது. ஒரு பிரவுசிங் சென்டரில் ‘வெளிநாட்டுக் கட்டுரை எடுத்துத் தர’ 1,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம்) இலவசமாகக் கிடக்கும் ஒரு ஆய்வேட்டின் இயல்கள். அதுவும் நம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வேடு! சேலத்திலிருந்து வந்ததை வெளிநாடு என்று விற்றிருக்கிறார்கள்.

சரி, என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்? ‘கிருஷ்ணகிரி மாவட்டம், ஏரி.’ அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்ததே 2004 பிப்ரவரியில். அதற்கு முன் அது தருமபுரி. தருமபுரியோ 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1990இல் பாரூர் ஏரியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தால் தலைப்பில் தருமபுரி என்றுதான் இருக்கும். 1950இல் எழுதியிருந்தால் சேலம். இன்னும் பின்னால் போனால் பாராமகால். 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்த சீமை அது. கும்பினி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் ஊர் ஊராக நிலம் அளந்து வரி போட்ட காலத்து எழுத்துகள் பாராமகால் ரெக்கார்ட்ஸ் என்று அச்சிலேயே இருக்கின்றன. லெ ஃபானுவின் சேலம் மாவட்ட மேனுவல் 1883இல் வந்தது, ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் 1918இல். மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்களான இவை இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கெசட்டியரில் விவசாயத்துக்கும் பாசனத்துக்கும் தனி அத்தியாயமே உண்டு. அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ‘ஆய்வுகள் எவையும்’ என்ற வரியைப் பேனாவால் அவரே அடித்தார்.

பெயர் மாறியது மட்டுமல்ல, எழுத்தும் மாறும். பழைய ஆங்கில ஏடுகளில் நம் கிருஷ்ணகிரி ‘கிஸ்ட்னகிரி’. சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பைப் பல இடங்களில் ஆங்கில எழுத்தில், அவரவர் காதுக்குப் பட்டபடி தட்டியிருக்கிறார்கள். நடுகல் என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதனால் தலைப்பை வைத்து மட்டும் தேடாதீர்கள். நெறியாளர் பெயர், துறை, பல்கலைக்கழகம் என்று சுற்றி வளையுங்கள். பழைய ஸ்கேன்களில் பல வெறும் படங்கள்தாம். உள்ளே இருக்கும் ஒரு சொல்கூடத் தேடலில் சிக்காது. பக்கம் புரட்டித்தான் ஆக வேண்டும். வேண்டிய ஆய்வேடு ஒன்று அகப்பட்டால் முதலில் அதன் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். எங்கள் தொழிலில் அதுதான் கள்ளச்சாவி.

பணம் கட்டும் விஷயம். ஒரு கட்டுரைக்கு 35 டாலர், 40 டாலர் என்று பதிப்பகத்தார் பக்கத்தில் போட்டிருந்தால் பதற வேண்டாம். அந்தக் காசில் கட்டுரை எழுதியவருக்கு ஒரு பைசா போவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்றிருப்பதை அழுத்துங்கள். பல நேரம் ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்திருப்பார். அன்பேவால் என்ற நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால் சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியை அதுவே காட்டும். ஒன்றும் இல்லையா, ஆசிரியருக்கு நாலு வரி மெயில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் கூச்சம்.

அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் காசு கொடுத்தால் எனக்குக் கோபமே வரும். அரசு நிறுவனங்களில் படிப்பவர்கள் ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்க வழி செய்யும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்கள், 13,000 இதழ்களுக்கு அருகில். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை அரசு ஒதுக்கியிருக்கிறது. உங்கள் வரிப்பணம் ஐயா அது! கல்லூரி நூலகரிடம் போய் லாகின் கேளுங்கள். தனியார் கல்லூரிகள் இப்போதைக்கு அதில் இல்லை. உங்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்வளங்கள் தரும் என்-லிஸ்ட்டிலோ நூலகங்களின் வலையமைப்பான டெல்நெட்டிலோ சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். டெல்நெட் வழியாக வேறு ஊர் நூலகத்துப் புத்தகத்தையே இரவல் வாங்கலாம்.

தமிழ் நூல் என்றால் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பிறகு சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. தருமபுரியில் ராத்திரி பஸ் ஏறுவதற்கு முன் நூல் அங்கே இருக்கிறதா, அன்று திறந்திருக்கிறதா என்று ஒரு போன் போடுங்கள். போன வருஷம் ஒரு தம்பி விடுமுறை நாளில் போய், பூட்டிய கேட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

கடைசியாக, சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து ‘இந்தக் கட்டுரையெல்லாம் எடுத்துக் கொடுங்க சார்’ என்று நிற்காதீர்கள், தயவுசெய்து. ஆசிரியர் பெயர் நிஜம், இதழின் பெயர் நிஜம், கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. அப்படி ஒன்றைத் தேடி ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டுப் பாருங்கள், அந்தக் கட்டுரையே திறக்கிறதா என்று. வேறு எதுவோ திறந்தால் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள், எந்தெந்தச் சொல்லை எங்கெங்கே போட்டுத் தேடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெண் நேற்று மறுபடி வந்தார். தாளில் இருபது சொற்கள். முதல் சொல் ‘கிஸ்ட்னகிரி’.